ஆவண மனு போடும் முன் இங்கே ஒரு வரி

நண்பர்களே, ஒரே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு நம்மில் மூன்று பேர் அரசு அலுவலகங்களில் தனித்தனியாக மனு போட்டிருக்கிறோம். இனி எதைக் கேட்கப்போகிறீர்கள் என்று முதலில் இங்கே எழுதிவிடுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று மனுவில் கேட்டால் அதிகாரிகள் எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள். கோப்பு, தேதி, துறை குறிப்பிட்டுக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது 1766இலேயே ஸ்வீடன் சட்டமாக்கிய உரிமை.

வந்த பதிலை, முக்கியமாக மறுப்புக் கடிதத்தை, அப்படியே பகிருங்கள். ஓர் அலுவலகம் மறுத்த தாளை இன்னொன்று கொடுத்திருந்தால், மேல்முறையீட்டில் அதுதான் நம் வலுவான வாதம். மேல்முறையீட்டுக்கான கெடு தேதியையும் சேர்த்துப் போடுங்கள், தவறினால் உழைப்பு வீண். அப்புறம், தனிநபர்களின் முகவரி, தொலைபேசி எண் இருந்தால் மறைத்துவிட்டே பகிர வேண்டும். நிலுவையிலுள்ள மனுக்களின் பட்டியலை இன்றிரவே அனுப்புங்கள்.