காசைப் புளியில் போடாதீர்கள்

கரூர் அமராவதியிலும் மதுரை வைகையிலும் கிடைக்கும் ரோமானியச் செப்புக்காசுகளை வாங்கி விற்போருக்கும் சேகரிப்போருக்கும்,

வணக்கம். சந்தைக்கு வரும் காசுகள் பல இப்போது செக்கச்செவேலென்று பளபளக்கின்றன. புளியிலோ எலுமிச்சையிலோ ஊறியவை என்பது பார்த்ததுமே தெரிகிறது. குத்துவிளக்கைத் துலக்குவது போலக் காசைத் துலக்கக் கூடாது. 1,600 ஆண்டு மண்ணில் கிடந்த காசின் மேல்தோல் களிம்பாக மாறியிருக்கும். மன்னன் முகமும் எழுத்தும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கின்றன. அமிலம் அதைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது குழி விழுந்த செம்பு. இவற்றில் ஈயமும் கலந்திருப்பதுண்டு. வினிகர் அதையும் அரிக்கும்.

எது போகிறதென்று பாருங்கள். இரண்டு வீரர்கள் எதிரெதிரே நிற்கும், ‘குளோரியா எக்சர்சிட்டஸ்’ (படையின் புகழ்) என்று லத்தீனில் பொறித்த காசில், நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் அது கி.பி. 330-ஐ ஒட்டியது, எடை ஏறக்குறைய 2.5 கிராம். ஒரே கொடி என்றால் 335-க்குப் பிந்தையது, எடையும் 1.5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கொடி தேய்ந்து, அமிலத்தில் எடையும் குறைந்த காசுக்கு எந்த ஆண்டைச் சொல்வது?

388 முதல் அடித்த ‘சாலுஸ் ரெய்பப்ளிகே’ (அரசின் நலம்) காசு இன்னும் பொடிசு, 12–13 மி.மீ. சிறகுள்ள வெற்றித்தேவதை தோளில் வெற்றிச்சின்னத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு கைதியை இழுத்துப் போகிறாள். அவளுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் கடுகளவு கிறித்தவக் குறி. பழைய தெய்வமும் புதிய மதமும் ஒரே காசில்! மேடு குறைந்த அந்தக் குறிதான் முதலில் கரைகிறது. கூடவே, கீழ்க்கோட்டுக்கு அடியில் காசு அடித்த ஊர் அந்தியோக்கியாவா அலெக்சாந்திரியாவா என்று சொல்லும் அக்கசாலை (நாணயச்சாலை) எழுத்துகளும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான், பொறுமைதான் நிறைய வேண்டும். முதலில் எடை போட்டு, பக்கவாட்டு ஒளியில் இருபுறமும் படமெடுங்கள். வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு வாரம் ஊறட்டும். நீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு 10 மடங்கு லென்சின் கீழ் மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நெம்பி எடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், மின்பகுப்பு வேண்டவே வேண்டாம். அசிட்டோனில் முக்கி எடுத்தால் ஈரம் வெளியேறிவிடும்.

வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வேறு சங்கதி. உள்ளே தங்கிய குளோரைடு ஈரக்காற்றோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கிச் செம்பைத் தின்கிறது. துடைத்தால் திரும்பவும் வரும். அந்தக் காசைத் தனியே பிரித்து, 1 லிட்டர் வாலைவடிநீருக்கு 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைத்து ஊறவையுங்கள். கரைசலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், களிம்பின் நிறமும் சற்று மாறலாம். உலர்ந்தபின் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். பி.வி.சி. உறை கூடாது, அதுவே நாளடைவில் அமிலத்தைக் கக்கும்.

விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று: எந்த ஊர், ஆற்றின் எந்தத் துறை, எந்த மாதம் என்று ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போடுங்கள். பல ஊர்க் காசுகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள். மண்ணில் புதைந்த குவியலாக அகப்பட்டால் அது வியாபாரச் சரக்கே அல்ல. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கழுவாமல், பானை உடைந்திருந்தால் ஓடுகளோடு சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
பழங்காசு ஆர்வலர்கள்