மாப்ளே, கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்வதா, தஞ்சாவூர் மாற்றலுக்கு ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. பெரியவள் பிளஸ் டூ முடிக்கும்வரை திருச்சியை விட்டு நகர வேண்டாம் என்று தங்கச்சி சொல்வதுதான் நியாயம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் டி.வி. சீரியலில் யார் என்ன நகை போட்டிருக்கிறார்கள் என்பதுவரை சொல்கிறார்.

சரி, திருச்சியிலிருந்து தினம் தஞ்சாவூர் போய்வர எந்தப் பழைய கார் வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த வழிக்கு ரயில் சீசன் டிக்கெட்டைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் ராத்திரி எட்டரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்புகிறவனுக்கு அது ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன்.

போக வர 110 கிலோமீட்டர். வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 27,500 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 17 என்று வைத்தால் வருஷச் செலவு சுமார் 1,62,000. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 21 என்றால் 1,20,000. வித்தியாசம் 40,000 ரூபாய்க்கு மேல். இதோடு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்து வருஷத்துக்கு முந்தைய கார்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல, மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும். ஊருக்குள் சுற்றுகிறவனுக்கு டீசல் வேண்டாம் என்பேன். உனக்கு டீசல்தான்.

என்னைக் கேட்டால் இரண்டே வண்டிகள். ஒன்று, 1.3 லிட்டர் டீசல் டிசையர். ஃபியட்காரன் இஞ்சின் அது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் வந்ததால், செங்கிப்பட்டியில் நின்றுபோனாலும் அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பான். மாருதி 2020இல் டீசலை நிறுத்திவிட்டாலும் பார்ட்ஸுக்குக் கவலையில்லை. இஞ்சின் உள்பாகங்களை ஒத்திசைத்து ஓட்டுவது டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவன் கையில் இருந்த வண்டியில் அந்தச் செயின் தளர்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கரகரவென்று சத்தம் வந்தால் விலை பேசவே பேசாதே.

இன்னொன்று டொயோட்டா எட்டியாஸ், 1.4 டீசல். எட்டியாஸ் 2010 கடைசியில் வந்தது, டீசல் 2011இல். 2020இல் நிறுத்திவிட்டார்கள். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மீட்டரைக்கூட டாஷ்போர்டு நடுவில் வைத்திருக்கிறான், பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் டாக்ஸிக்காரர்கள் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டும் விடாமல் வைத்திருக்கும் வண்டி அது. அதே குடும்பத்து லிவாவுக்கு 2016இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ராத்திரியில் ஹைவேயில் தனியாக வருகிறவன் இதையும் பார்க்க வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை: டி-போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக, சொந்த வண்டியாக மாற்றி விற்பது இந்த வண்டியில் அதிகம். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றின் பழைய விவரத்தைக் கட்டாயம் கேள்.

2015, 2016, 2017 மாடல் பார். சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும். 2011 வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று போய் அந்த அலைச்சலில் மாட்டாதே. டெல்லி வண்டிகள் மலிவாக வருவதற்குக் காரணம் அங்கே பழைய டீசல் வண்டிகளுக்கு இருக்கும் கெடுபிடி. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), லைஃப் டாக்ஸ் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

இப்போது முக்கியமான சங்கதி. நீ எழுதியிருக்கும் அந்த "பத்து வருஷம், 38,000 கிலோமீட்டர், டாக்டர் ஓட்டிய வண்டி" எனக்கு உறுத்துகிறது. எல்லா புரோக்கரிடமும் ஒரு டாக்டர் வண்டி இருக்கும். மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தை இல்லை. பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பார். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2016 வண்டியில் 2019 டயர் மாட்டியிருந்தால், 38,000 ஓடிய வண்டி அதற்குள் ஏன் டயர் மாற்றியது என்று கேள். நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பில் விவரம் சொல்வார்கள். ஒருவேளை அவ்வளவு குறைவாகத்தான் ஓடியது என்றாலும், ஷெட்டிலேயே நின்ற வண்டியில் ரப்பர் புஷ், பெல்ட், ஹோஸ் எல்லாம் வெடித்திருக்கும். ஹைவேயில் 1,20,000 ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் சிங்கிள் ஓனர் வண்டி அதைவிட எவ்வளவோ மேல்.

சென்னைப் பதிவு என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ மூழ்கியிருந்தால் அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துருவையும் தேடு. எவ்வளவு வாசனை அடித்தாலும் காருக்குள் கால்மிதிக்குக் கீழே முகர்ந்தால் தெரிந்துவிடும்.

நீ போகும்முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறான். இஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல், குபுகுபுவென்று புகை தள்ளினால் திரும்பி வந்துவிடு. பைபாஸில் 80, 90இல் ஓட்டி ஸ்டியரிங் உதறுகிறதா பார். ஏ.சி.யை உச்சி வெயிலில் நின்ற இடத்தில் சோதித்துப் பார். மெக்கானிக் உன் ஆளாக இருக்கட்டும், புரோக்கர் காட்டும் ஆள் வேண்டாம்.

லோன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் அந்தக் கடனை நீக்கும் ஃபார்ம் 35உம் வங்கி என்.ஓ.சி.யும், பெயர் மாற்ற 29, 30உம் கையெழுத்தாகாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதே. அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதப் பாக்கியையும் பார்த்துவிடு.

ஐந்து லட்சம் வைத்திருக்கிறாய் என்றால் 4,25,000க்குள் வாங்கு. மீதி முதல் மாசத்துக்கு வேண்டும்: ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி, தேவைப்பட்டால் நான்கு டயர். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் மாற்றிவிடு. அந்த ரோட்டில் ராத்திரி எதிர்த்திசையில் பைக் வரும். உன் ஓட்டத்துக்கு நான்கு மாசத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டிவரும், அதில் கஞ்சத்தனம் பண்ணாதே.

வாழவந்தான்கோட்டை டோலுக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடு. 2025 ஆகஸ்டில் வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை. ஓன் போர்டுக்கு மட்டும்தான். உனக்கு அது ஐந்து மாசம்கூட வராது, இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கட்டுவதைவிட லாபம்.

டாக்டர் வண்டியின் நம்பரையும் டயர் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மச்சான்