வால்வுக்கு அப்புறம் வரும் குழாய்: பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மியான்மரின் மகுவே பக்கத்து எண்ணெய் வயல்களுக்குச் செப்பரேட்டர் (எண்ணெயையும் கேஸையும் பிரிக்கும் கலம்), டேங்க், குழாய் வேலைகளை எடுத்துச் செய்யும் யாங்கோன், தன்லியின் தமிழ்ப் பட்டறை முதலாளிமார்களுக்கும் மேஸ்திரிமார்களுக்கும் வணக்கம்.

நானும் உங்கள் தொழிலில் சோறு சாப்பிடுகிறவன்தான். குழாய் வரைபடம் போடுவது என் வேலை. நேரில் சொன்னால் "அதெல்லாம் கம்பெனிக்காரன் பார்த்துக்குவான் சயா (ஐயா)" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

செப்பரேட்டரின் தலையில் உட்கார்ந்து, உள்ளே அழுத்தம் மீறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வில் நான் குறை காணவில்லை. அது சோதனை முடிந்து, முத்திரை குத்தி, சர்ட்டிஃபிகேட்டோடு வருகிறது. அது திறந்தால் உள்ளே இருப்பது எந்தக் குழாய் வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் கடைசி நாளில், மீந்து கிடக்கும் குழாயைப் பார்த்து வெல்டர் முடிவு செய்கிறார். பல வேலைகளில் அந்தக் குழாய் வரைபடத்திலேயே இருப்பதில்லை.

வால்வின் உள்பக்க ஃபிளேஞ்ச் 3 அங்குலம் என்றால் வெளிப்பக்கம் 4 அங்குலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்ததும் கேஸ் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நாம் அந்த 4 அங்குல வாயில் ரெடியூசர் வைத்து 2 அங்குலக் குழாயை மாட்டிவிடுகிறோம். 250 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வந்ததும் திறக்கும் சாதாரண ஸ்பிரிங் வால்வு ஊதும்போது, வெளிக்குழாயில் எழும் பின்னழுத்தம் ஏறக்குறைய 25 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது. பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான் அனுமதி. தாண்டினால் வால்வு முழுதாகத் திறக்காது, அல்லது திறந்து மூடித் திறந்து மூடிப் படபடவென்று அடித்துக்கொண்டு சீட்டைக் கெடுத்துக்கொள்ளும். உள்பக்கக் குழாய் நீளமாக, வளைவுகளோடு இருந்தாலும் இதே படபடப்பு வரும். அந்தப் பக்க அழுத்த இழப்பு, வால்வு திறக்கும் அழுத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 520, 521 தர நூல்களில் இந்தக் கணக்குகள் இருக்கின்றன. கணக்குப் போட ஒரு மத்தியானம் போதும்.

அடுத்தது மழை. குழாய்க்குள் தண்ணீர் இறங்கக் கூடாது என்று நுனியைக் குடைக்கைப்பிடி மாதிரி கீழே வளைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு தளத்தில் அந்த வளைவின் வாய் பம்ப் ஆட்கள் ஒதுங்கும் குடிசைப் பக்கம் திரும்பியிருந்தது. வால்வு திறந்தால் கேஸ் நேரே அவர்கள் தலையில் இறங்கும். 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே பக்கத்துச் சௌக்கில் 48.2 டிகிரி வெயில் அடித்தது. அந்த ஊரில் நிழல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆள் இருப்பான். அதை எந்த வரைபடமும் காட்டாது, போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழாய் நேராக மேலே போகட்டும். அடி முழங்கையில் ஒரு சிறு வடிதுளை போட்டால் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். துளையின் வாய் செப்பரேட்டரின் உடம்பைப் பார்த்து இருக்கக் கூடாது, அதில் தீப்பிடித்தால் இரும்பைச் சுட்டுக்கொண்டே இருக்கும். (பெயிண்ட் அடிப்பவர் அந்தத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போவார். அவரிடமும் சொல்லி வையுங்கள்.) ஊதும்போது குழாய் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையும் குழாயின் எடையும் வால்வின் கழுத்தில் விழாதபடி தனித்தாங்கி வேண்டும்.

சரி, இதெல்லாம் காய்ந்த கேஸுக்கு. மீத்தேன் காற்றைவிட லேசு. வேகமாக மேல்நோக்கி ஊதினால் காற்றோடு கலந்து கரைந்துவிடும். சின்னச் செப்பரேட்டருக்கெல்லாம் ஃபிளேர் (கேஸை எரித்துவிடும் கோபுரம்) கட்டச் சொல்கிற ஆள் நானில்லை. ஆனால் வயலில் வால்வு திறக்கும் நாள் பெரும்பாலும் எண்ணெய் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் லெவல் கன்ட்ரோல் மாட்டிக்கொண்ட நாளாக இருக்கும். எண்ணெய் வெளியே போகாமல் கலம் நிரம்பி, கேஸ் போக வேண்டிய வழியில் எண்ணெயே ஏறியிருக்கும். அன்று வால்வு துப்புவது எண்ணெயும் கேஸும் கலந்த நுரை. அதிலிருந்து பிரியும் பியூட்டேன் காற்றைப்போல் இரு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போகும்.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதுதான். ஒரு கோபுரத்தை அளவுக்கு மீறி நிரப்பினார்கள். சேஃப்டி வால்வுகள் திறந்தன. அவை போய்ச் சேர்ந்த டிரம்முக்கு ஃபிளேர் கிடையாது, வானம் பார்த்த புகைபோக்கிதான். அதன் வழியே திரவம் ஊற்றாகப் பொங்கி விழுந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து தீப்பிடித்திருக்கலாம் என்றது விசாரணை. 15 பேர் செத்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். அந்த 15 பேரும் பக்கத்து டிரெய்லர்களிலும் அதைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம்மை மாதிரி வேலைக்கு வந்தவர்கள். அந்தப் பழைய டிரம்மை 1997-ல் மாற்றியபோதே ஃபிளேரோடு இணைத்திருக்கலாம். அதே மாதிரி இன்னொன்றை வைத்தார்கள்.

வால்வுகள் சரியாகத்தான் திறந்தன என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே திரவம் வர வாய்ப்புள்ள இடத்தில் நடுவே ஒரு நாக்-அவுட் டிரம் வேண்டும். எண்ணெய் அடியில் தங்கும், கேஸ் மட்டும் புகைபோக்கிக்கோ ஃபிளேருக்கோ போகும். அதுவரை போகும் குழாயில் பள்ளம் இருக்கக் கூடாது. 10 அடிக்குக் கால் அங்குலமாவது டிரம் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வால்வின் குழாயும் டிரம்முக்குப் போகும் பெரிய குழாயின் மேல்பக்கமாக வந்து சேர வேண்டும்.

நம் ஊர் எண்ணெய்க்கு இது இன்னும் முக்கியம். மகுவே பக்கத்துப் பழைய எண்ணெய் வயலான ஏனாஞ்சாங்கின் எண்ணெயில் உள்ள மெழுகு ஊரறிந்தது. 19-ஆம் நூற்றாண்டிலேயே 'ரங்கூன் எண்ணெய்' என்று லண்டனுக்குக் கொண்டுபோய் மெழுகுவர்த்தி செய்தார்கள். அப்படிப்பட்ட எண்ணெய் ஒருமுறை வெளிக்குழாயில் ஏறிப் பள்ளத்தில் தங்கினால், மார்கழிக் குளிரில் கட்டியாகிவிடும். அடுத்த முறை வால்வு திறக்கும்போது எதிரே மெழுகு மூடி நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறை வால்வு ஊதிய பிறகும் குழாயைக் கழற்றிப் பார்க்கும்படி ஃபிளேஞ்ச் வைத்துக் கொடுங்கள். சாய்வு கொடுக்க முடியாத இடத்தில் சூடேற்றும் வசதி கேளுங்கள்.

செலவு ஏறும், பக்கத்துப் பட்டறைக்காரன் வேலையைத் தட்டிக்கொண்டு போவான் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். வால்வுக்கு அப்புறம் உள்ள குழாயை, அது முடியும் இடத்தோடும் உயரத்தோடும் வரைந்து காட்டாத வேலைக்கு விலை சொல்வதில்லை என்று எல்லோரும் சேர்ந்து நின்றால், கம்பெனிக்காரர் வரைந்து தருவார். எந்தெந்தக் காரணத்தால் வால்வு திறக்கும் என்ற கணக்குத் தாளையும் கேட்டு வாங்குங்கள். அதில் 'திரவம் நிரம்பினால்' என்ற வரி இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டு வந்தவை இருக்கின்றன. அடுத்து வண்டி அனுப்பும்போது, கீழ்நோக்கி வளைந்த நுனிகளையும் 2 அங்குலத்துக்குச் சுருக்கியவற்றையும் போட்டோ எடுத்துவரச் சொல்லுங்கள். எனக்கு அனுப்பினால் பின்னழுத்தக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தன்லியினிலிருந்து ஒரு குழாய் வரைபடக்காரன்