பூஸ்டர் ஊசி அன்றே கேட்டுவிடலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், வீட்டில் ‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், விடு’ என்கிறார்கள். வெளியே போனால் பத்தே நிமிடத்தில் ஆட்டிசம் என்கிறார்கள். நாங்கள் இரண்டையும் கேட்டோம்.

என் மகனுக்கு இரண்டரை வயதில் ஒரு தெரபி மையத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள், காதைப் பரிசோதிக்கச் சொல்லவே இல்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், உண்மைதான். ஆனால் மொட்டை மாடியில் நிலா தெரிந்தால் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையைக் கவனித்து, இது ஆட்டிசம்தானா, காதில் குறையோ என்று சந்தேகித்த ஒரு குழந்தை மருத்துவர்தான், காது கேட்கிறதா என்று தூங்க வைத்து எடுக்கும் பெரா டெஸ்டுக்கு அனுப்பினார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. அதற்குள் எட்டு மாதம் போய்விட்டது.

என் தங்கை மகள் நேர்மாறு. பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருவாள், ஆனால் எதையும் சுட்டிக்காட்ட மாட்டாள், வேண்டியதன் மேல் நம் கையை இழுத்துப்போய் வைப்பாள். அவளுக்கு ஆட்டிசம்தான். எல்லாப் பிள்ளைக்கும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் உண்டு, உட்காருவது நடப்பது எல்லாமே தாமதமாகும் பிள்ளைகளும் உண்டு.

ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, அடுத்து விவரமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஏறக்குறைய அதே வயதில், 16 முதல் 24 மாதத்துக்குள், டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டர் ஊசியும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் போடுகிறார்கள். (ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய், அதை நம்பி ஊசியை விட்டுவிடாதீர்கள்.) வேறு எதற்கு வராவிட்டாலும் ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அன்றைக்கே செவிலியர் அந்த இருபதையும் கேட்டு, சந்தேகம் இருந்தால் காது டெஸ்டையும் சேர்த்து எழுதி மேலே அனுப்பலாமே?

பிள்ளைகளின் குறைகளைப் பரிசோதித்துக் கண்டறிய 2013-ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், இப்படிப்பட்ட குறைகளை ஆரம்பத்திலேயே கவனிப்பதற்கென்றே மாவட்டத் தலைமையிடங்களில் டி.இ.ஐ.சி. மையங்கள் வைத்திருக்கிறார்கள். அங்கன்வாடியிலும் சரி, ஊசி போட்ட இடத்திலும் சரி, எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை. மாவட்டவாரியாக அவற்றின் முகவரியை ஒருநாள் உங்கள் நாளிதழில் அச்சிடுங்கள், ஐயா.

- ஒரு தாய், திண்டுக்கல்