விசாரணையைக் கற்றுத் தராத பயிற்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

நன்றாகப் பாடம் நடத்துபவரையே மாணவர் நலப் பொறுப்பில் அமர்த்துவது பல கல்லூரிகளின் வழக்கம். இரண்டும் வேறு வேலைகள். விடுதி ஒதுக்கீடும் உதவித்தொகைப் படிவங்களும் ஒரு பருவத்தில் கைவந்துவிடும். புகார் விசாரணை அப்படி வராது; பொறுப்பேற்பவர்களுக்கு இப்போது தரப்படும் பயிற்சியும் அதைக் கற்றுத் தருவதில்லை.

முதலில் கற்க வேண்டியது பதிவு. புகார் வந்த தேதி, நேரம், சொன்னவரின் சொற்கள் எல்லாம் அன்றே எழுதப்பட வேண்டும். ‘மாணவன் திமிராக நடந்தான்’ என்பது பதிவல்ல, அபிப்பிராயம். என்ன சொன்னான், என்ன செய்தான் என்பதே பதிவு. பிறகு குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு அவகாசம் தர வேண்டும். விசாரித்தவரே தண்டனை விதித்து, மேல்முறையீட்டையும் கேட்டால் நியாயமான முடிவுகூட நிற்காது.

பேச வரும் மாணவரிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுப்பது இன்னொரு பிழை. உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வரம்பைப் பேச்சின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. ஆனால் கேட்டுவிட்டு, ஆலோசகர் வரும்வரை மாணவரைத் தனியே விடக் கூடாது.

பொறுப்பேற்கும் முன் இரண்டு நாள் ஒதுக்கி, பெயர் மறைத்த பழைய கோப்புகள் மூன்று நான்கை வைத்து மாதிரி விசாரணை நடத்தச் சொல்லலாம். இப்போதைய பயிற்சியில் சுற்றறிக்கைகளை வாசித்துக் காட்டவே அதைவிட நேரம் போகிறது!

இப்படிக்கு,
மாணவர் நல அலுவலர்கள் சிலர்