மூச்சு வாங்கும்போது பாடலாமா?

அன்புள்ள நடராஜனுக்கு,

நிமோனியா தணிந்து நீ வீடு திரும்பிய செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இந்த நிலையில் பாடலாமா என்று கேட்டிருக்கிறாய். பாடலாம் என்பதே என் எண்ணம். ஆனால் மேடையில் பாடுவதைப் போல அல்ல.

மூச்சு முட்டுகிறது என்ற பயம் வந்துவிட்டால், நாம் மேலோட்டமாகவும் வேகமாகவும் காற்றை இழுக்கத் தொடங்குகிறோம். அதனால் திணறல் இன்னும் கூடுகிறது. பாட்டில் அதற்கு இடமில்லை. ஓர் அடியைப் பாடி முடிக்க வேண்டுமானால், சட்டென்று இழுத்த காற்றைச் சிறிது சிறிதாகத்தான் விட முடியும். அவ்வாறு வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பும் சற்று நிதானமடைகிறது.

கோவிடுக்குப் பின்னும் மூச்சுத்திணறல் நீடித்தவர்களுக்காக, 2020இல் லண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஓபரா என்ற இசை நாடகக் குழு, இம்பீரியல் காலேஜ் மருத்துவர்களுடன் சேர்ந்து ஆறு வாரப் பாட்டுப் பயிற்சி ஒன்றை இணையம் வழியே தொடங்கியது. அவர்கள் தேர்ந்தெடுத்தவை தாலாட்டுகள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது: பாடுகிறவரையே தூங்க வைக்கக்கூடிய பாட்டு வேறென்ன இருக்கிறது? 150 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. மனநலம் தெளிவாக மேம்பட்டது, திணறலும் ஓரளவு குறைந்தது. ஆனால் உடல்நலம் குறித்த மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே பாட்டை மருந்துக்குத் துணையாக வைத்துக்கொள், மாத்திரையை நிறுத்திவிடாதே.

என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததை முன்பே எழுதியிருந்தேன். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல் வராமல் கண் கலங்கி நிற்கிறவர், பழைய பாட்டொன்றின் முதலடியை நான் எடுத்துக் கொடுத்தால் சரணம் வரை பிசகாமல் பாடிவிடுகிறார். பேச்சுக்குரிய இடது மூளை பழுதுபட்டாலும் பாடும் திறன் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இதை வைத்தே 1970களில் பாஸ்டனில், சொற்களை ராகமாக இழுத்துச் சொல்லிப் பழக்கும் பேச்சுப் பயிற்சியை உருவாக்கினார்கள். அண்ணன் இப்போது "தண்ணி" என்பதை இரண்டு சுரத்தில் பாடித்தான் கேட்கிறார்.

தொண்டை கட்டியிருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பாடாதே. குசுகுசுவென்று பேசுவதும் குரலுக்கு ஓய்வாகாது. இருமல் முழுதும் நிற்கும்வரை குழுவோடு சேர்ந்து பாடவும் போக வேண்டாம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்கு வந்த 61 பேரில், ஏற்கெனவே நோயுற்றிருந்த ஒருவரிடமிருந்து 52 பேர் வரை கோவிட் பரவி, இருவர் இறந்தே போனார்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கமான சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கி, ஓரடி பாடி ஓய்வெடு. அதுவும் கனமாக இருந்தால் வாயை மூடி முனகினாலே போதும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எவ்வளவு நேரம் பாடலாம் என்று கேட்டு, அவர் சொன்னதை எனக்கும் எழுது.

அன்புடன்,
வேலாயுதம்