தரங்கம்பாடி போய் வந்துவிட்டோம்: துணை நின்ற எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போகும் இந்தப் பயணம் எப்படி நின்றுபோக இருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். பிள்ளைகள் போனார்கள். அங்கே தமிழ் அச்சுக்கூடம் வைத்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் வீட்டில் பகல் முழுக்க இருந்தார்கள். கையெல்லாம் மையோடு திரும்பி வந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

வேன் பிடித்துக்கொடுத்த பழைய மாணவர்கள், விடிவதற்கு முன்பே எழுந்து புளிசாதம் கட்டித்தந்த அம்மாக்கள், ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவந்த பெரியவர், தாழ்வாரத்தை எங்களுக்கென்றே ஒழித்துக்கொடுத்த அந்த வீட்டுக்காரர்கள், "பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க டீச்சர்" என்று ஒரே வரியில் போனை வைத்துவிட்ட அந்த நல்ல மனிதர் (பெயரைச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்), எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அச்சகத்தில் எழுத்துக் கோத்த கம்பாசிடர் ஐயாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவரை நாங்கள் யாரும் அழைக்கவில்லை. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு, மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். தோளில் ஒரு சாக்குப்பை. உள்ளே அவர் வேலை பார்த்த அச்சகம் மூடியபோது எடைக்குப் போகாமல் காப்பாற்றிய ஈய எழுத்துகள். ஈயத்தின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்த வயதில் அதைச் சுமந்து வந்திருக்கிறார்.

சீகன்பால்கு 1706-இல் இங்கே வந்து இறங்கியதையும், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதையும் வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். அதனால் பிள்ளைகளும் முதலில் மணலில் எழுதினார்கள், பிறகு ஓலையில். அச்சுக்கு வந்ததும் பொறுப்பை ஐயா எடுத்துக்கொண்டார். அதற்கு முன் அச்சு வந்த கதையை நான் சொன்னேன். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. உருவம் பெரிது, காகிதத்தைத் தின்றன. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்பார்கள். இதைக் கேட்டு ஐயா, "ஈயம் ஈயந்தான், எந்த டப்பால வந்தா என்ன" என்றார். அந்தச் சின்ன எழுத்தில்தான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது.

ஒவ்வொரு பிள்ளையும் ஈய எழுத்துகளை அடுக்கித் தன் பெயரைக் கோக்க வேண்டும். எழுத்து தலைகீழாக நிற்கும். 'கோ' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று துண்டு தேட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, கொம்பு வளைந்த பழைய 'லை'யும் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், கிடந்தது. "தாத்தா, இதுக்குத் தும்பிக்கை இருக்கு!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் அங்கே ஓடினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் ஆறாம் வகுப்புப் பெண்ணொருத்தியின் முழங்கை பட்டுக் கேஸ் கவிழ்ந்தது. அறை அறையாகப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் தரையில்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழாத தாயி. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப முதல் வேலையே இதுதான். இப்படிக் கிட்ட உட்காரு." ஓர் எழுத்தை எடுத்து அவள் விரலில் வைத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்ன வெட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே எது தலை, எது கால் என்று அந்த வெட்டு சொல்லிவிடுமாம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் தரையில். சாப்பாட்டு மணி தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஈயமாச்சே என்று எல்லோரையும் இரண்டு தடவை சோப்புப் போட வைத்த பிறகுதான் புளிசாதத்தில் கை வைக்க விட்டார்.

மதியம் 1845-இல் டென்மார்க் தன் வசமிருந்த இந்த ஊரை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, 12.5 லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்ற கதையைச் சொன்னேன். காலையில் அழுதவள்தான் கேட்டாள்: "ஊர்ல இருந்தவங்கள யாரும் கேக்கலையா, டீச்சர்?" இத்தனை வருஷப் பாடத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. நான் பதில் யோசிப்பதற்குள், "அதையே கோத்துடு" என்று கோக்கும் சட்டத்தை அவளிடம் நீட்டினார் ஐயா. கோத்து, கயிறு கட்டி, மை உருட்டி அவள் எடுத்த தாள் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிப்போகும் காலனி ஆட்சி, அவள் கைக்குள் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

ஐயா, பஸ் காசுகூட வாங்க மறுத்துவிட்டீர்கள். இந்தப் பள்ளியில் நான் இருக்கும் வரை ஒவ்வொரு வருஷமும் ஆறாம் வகுப்பு அந்த வீட்டுக்கு வரும். இது என் வாக்கு. அடுத்த முறை அந்தச் சாக்குப்பையை எங்கள் பையன்கள் வந்து தூக்குவார்கள்.

கடைசியாக ஓர் உதவி. எண்ணிப் பார்த்ததில் 'ழ' குறைகிறது, ஒற்றைக்கொம்பும் போதவில்லை. உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் அச்சகத்தில் பழைய ஈய எழுத்து இருந்தால், எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.